ஆம்னி வேனில் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது: டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொல்வது ஏன்?

கேள்வி இது. 2002 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் எஞ்சின், பிற்பாடு கேஸ் கிட் போட்டது. கொஞ்ச நாளாக முன் சீட்டுக்கு நேர் கீழே தரையில் பச்சை நிறத் தண்ணீர் சொட்டுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, வாட்டர் பம்ப் போய்விட்டது, டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார். பம்ப் ஒழுகுவதற்கும் டைமிங் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பில்லை ஏற்றப் பார்க்கிறாரா? ஒழுகலை அடைக்கிற மருந்து ஏதாவது ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாமா? வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முதலில் மெக்கானிக் விஷயம். அவர் சொல்வது சரி. ஆம்னியில் இருக்கும் எஃப்8பி எஞ்சினில், அதாவது பழைய மாருதி 800-இல் இருந்த அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினில், வாட்டர் பம்பைச் சுழற்றுவது வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட்தான். அதைப் பார்த்துத்தான் பலரும், பெல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை எடுத்தால் பம்ப் கையோடு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் வெளியே தெரிவது பம்பின் புல்லி மட்டும். பம்பின் உடம்பு டைமிங் கவருக்குப் பின்னால் எஞ்சின் பிளாக்கோடு ஒட்டி இருக்கிறது. கீழே கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கிற டைமிங் பெல்ட் அதற்கு முன்னால் ஓடுகிறது. அதைக் கழற்றாமல் பம்பை எடுக்க வழியில்லை.

ஆகவே உங்கள் வேனில் நடக்கப்போவது டைமிங் பெல்ட் வேலை. அதன் நடுவில் பம்ப் ஒன்றும் மாறுகிறது, அவ்வளவுதான். கூலியில் பெரும்பங்கு பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்கே போகிறது. பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டிவிட்டு, ஒரு வருஷம் கழித்து அது அறுந்தால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அதுவும் நீங்கள் எங்கோ நெடுஞ்சாலையில் நிற்கும்போது. இன்னொரு காரணமும் உண்டு. பம்ப் ஒழுகும்போது கூலன்ட் டைமிங் கவருக்குள்ளும் தெறிக்க வாய்ப்பிருக்கிறது. கூலன்ட்டிலும் ஆயிலிலும் ஊறிய ரப்பர் பெல்ட்டை நான் எந்த வண்டியிலும் திரும்ப மாட்ட மாட்டேன், வெளியே பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒழுகுவது பம்ப்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே ஹோஸும் குழாயுமாகத் தண்ணீர் கணிசமான தூரம் போய் வருகிறது. இருபது வருஷ வண்டியில் அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம், ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், கேஸ் கிட்டின் வேப்பரைசருக்கு (திரவ கேஸை ஆவியாக்கும் பாகம்) போகும் சின்ன ஹோஸ் வெடித்திருக்கலாம். உங்களுடையது கேஸ் வண்டி என்பதால் இந்தக் கடைசி இடத்தை முதலில் பாருங்கள். கிட் போட்டவர்கள் இரண்டு ஹோஸை வெட்டி டி ஜாயின்ட் வைத்திருப்பார்கள், அந்த ஜாயின்ட்டும் வயதானதுதான். அங்கே கசிகிற நீர் எஞ்சின் மேலேயே வழிந்து, பம்புக்குப் பக்கத்தில் சொட்டாக விழும். பார்ப்பவர் பம்ப் என்று சொல்லிவிடுவார்.

சோதிக்கும் முறை எளிது. இரவு வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று அதில் குறித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் உடம்பில் புல்லிக்குப் பின்னால் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே இருக்கிற சீல் தேய்ந்து போனால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து உங்களுக்குத் தெரிவதற்காகவே வைத்த துளை அது. அங்கிருந்து பச்சையோ வெள்ளையோ துருநிறமோ காய்ந்த கோடு வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பம்ப்தான். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் நேராகப் பேரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கழுவிவிடும். ஒழுகுகிற பம்ப் அப்போது இறுகிப்போகிற பம்பாக மாறும்.

அப்புறம் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, பம்ப் புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, சுழற்றும்போது கரகரவென்று உணர்ந்தாலோ பேரிங்கும் போய்விட்டது. நல்ல ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்டர் இருக்கும். ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் அடித்தால், எஞ்சின் ஓடாமலே எங்கே ஒழுகுகிறது என்று காட்டிவிடும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால் அந்த அழுத்தத்துக்கு மேல் அடிக்கச் சொல்லாதீர்கள், பழைய ரேடியேட்டர் தாங்காது. வண்டி சூடாக இருக்கும்போது ஒழுகல் தெரியாமல், ஆறிய பிறகு மட்டும் சொட்டினால் குழம்ப வேண்டாம். சூட்டில் கசிவது தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும், அதுதான் காரணம்.

அடைக்கிற மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் பழைய டிரைவர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள், சில சமயம் அடைபடவும் செய்யும். கடையில் விற்கிற திரவமும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது, ஓட்டையில் போய்ப் படிந்து இறுகுகிறது. ஆனால் வாட்டர் பம்பில் இருப்பது ஓட்டை இல்லை. சுழலும் தண்டோடு ஒரு முகம், அசையாமல் நிற்கும் முகம் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று தேய்த்தபடி நடுவே மெல்லிய நீர்ப்படலத்தோடு ஓடுகின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் அந்த இடத்தில் எதுவும் படிந்து நிற்காது. அங்கே நிற்காதது போய்ப் படிவது ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் வேப்பரைசரின் உள்வழியிலும். கூடுதலாக ரேடியேட்டர் வேலையும் சேர்ந்துவிடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது, தினமும் காலையில் ஊற்றிக்கொண்டு ஓட்டலாமே என்று நிறையப் பேர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பம்ப் மலிவான சாமான். அதைத் தள்ளிப்போடுவதால் பலியாவது சிலிண்டர் ஹெட். இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கட் இந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால் போல்ட்டால் இறுக்கிப் பிடித்த ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். சுசூகி இந்த ஹெட்டின் முகத்துக்கு அனுமதிக்கிற வளைவு 0.05 மி.மீ., நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து ஏற்ற வேண்டும். பம்ப் வேலையைப் போலப் பல மடங்கு செலவு.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஓட்டலாம் என்பதும் பாதிதான் உண்மை. சென்சார் தண்ணீரில் முழுகி இருக்கும்வரை முள் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் இறங்கி, சென்சார் காற்றிலோ நீராவியிலோ நின்றுவிட்டால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். மேலே போய்க்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே ஓரம் கட்டுங்கள்.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கு இன்னொரு அடையாளம். இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே ஃபேன் பெல்ட்தான் சுழற்றுகிறது. ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படியானால் சார்ஜ் மட்டும் அல்ல, தண்ணீர் ஓட்டமும் நின்றுவிட்டது. பேட்டரிதானே, வீடு வரை தாங்கும் என்று ஓட்டிப் போய் ஹெட்டைக் காலி செய்தவர்கள் உண்டு. விளக்கு எரிந்தால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பம்பின் பேரிங் ஆடத் தொடங்கியிருந்தால் அந்த பெல்ட்டைத் தூக்கி எறிய அதிக நேரம் ஆகாது. அதனால் என் கணக்கு இப்படி: சொட்டு மட்டும் என்றால், தண்ணீர் நிரப்பிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். தாரையாக ஒழுகினாலோ புல்லி ஆடினாலோ கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

கேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. திரவமாக வரும் எல்.பி.ஜி. வேப்பரைசரில் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும், அந்தச் சூட்டைக் கொடுப்பது எஞ்சின் தண்ணீர்தான். தண்ணீர் குறைந்தால் வேப்பரைசர் வெளியே பனி படர்ந்து, கேஸில் ஓடும்போது எஞ்சின் திணறும், பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். கேஸ் கிட்டில் கோளாறு என்று கேஸ் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள், ஆறிய பிறகு.

ஆறிய பிறகு என்று சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 118 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே வீச்சில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆம்னியில் எஞ்சின் நீங்கள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கொதித்த வண்டியில் சீட்டைத் தூக்கிப் பார்க்க அவசரப்பட வேண்டாம். எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்து விட்டு, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். சூடான எஞ்சின் மேலோ உள்ளேயோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும்.

இனி வேலை. வீட்டில் செய்ய முடியுமா என்றால், டைமிங் பெல்ட் மாற்றிய அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் முடியும். இதுவே முதல் ரிப்பேர் என்றால் வேண்டாம். கஷ்டம் பலத்தில் இல்லை. சின்னச் சின்ன போல்ட்டுகளை உடைக்காமல் எடுப்பதிலும், குறிகளைத் தவறாமல் சேர்ப்பதிலும்தான் இருக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டாலும் என்னென்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

சாமான் வாங்கும்போது எஞ்சின் நம்பரைக் காட்டி வாங்குங்கள், எஃப்8பி என்று தொடங்கும். மாருதி 800 என்று மட்டும் சொன்னால், பின்னால் வந்த பன்னிரண்டு வால்வ் எஞ்சினுக்கான பம்பைக் கொடுத்துவிடக்கூடும். கம்பெனி ஸ்பேர் கிடைத்தால் அதுதான் நல்லது, இல்லையென்றால் பெயருள்ள உதிரிபாக நிறுவனத்தின் பம்ப். மிக மலிவானதை வாங்க வேண்டாம், ஒழுகப்போகிற சீல் உள்ளே இருக்கிறது, வெளியே பார்த்துத் தரம் தெரியாது. பழைய பம்பைத் திறந்து சீல் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பம்ப் பிரிக்கிற சாமான் இல்லை, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். கூடவே டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், பம்ப் பேக்கிங், வயதான ஹோஸுகளும் கிளிப்புகளும், கூலன்ட். இவற்றோடு இரண்டு சின்ன ரப்பர் சீல்களும் வேண்டும். ஒன்று பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவே உட்காரும், மற்றொன்று பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே. பம்ப் டப்பாவில் அவை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், அதைத் திரும்ப வைத்தால் இடுக்கு வழியாகத் தூசியும் நீரும் டைமிங் கவருக்குள் போகும்.

வேலைக்கு முதல் நாள் மாலையே பம்ப் போல்ட்டுகளில் கைக்கு எட்டுகிறவற்றுக்குத் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். மறுநாள் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கீழே அகலமான பேசின் வைத்து ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். வடித்ததை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இந்தக் கணக்கு தேவைப்படும். கூலன்ட்டைத் தெருவில் விட வேண்டாம். அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் மாடும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகும். மூடி போட்ட கேனில் ஊற்றி, ஒர்க்‌ஷாப்பில் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே பம்ப் புல்லியின் போல்ட்டுகளை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது புல்லி சுழலாமல் நிற்கும், வேலை சுலபம். பெல்ட்டை எடுத்த பிறகு அதே போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அடுத்து பெல்ட், பம்ப் புல்லி, கிராங்க் புல்லி, டைமிங் வெளிக்கவர். கவர் போல்ட்டுகளை ஓர் அட்டையில் கவரின் படம் வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றுமுன் குறிகளைச் சேர்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது லேசாக இருக்கும். கிராங்க் டைமிங் புல்லியில் இருக்கிற புள்ளி ஆயில் பம்ப் உடம்பில் இருக்கும் அம்புக்குறிக்கு நேராகவும், கேம் புல்லியின் குறி உள்கவரில் வெட்டியிருக்கும் வி குறிக்கு நேராகவும் வர வேண்டும். வந்தவுடன் செல்போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் உருளையான டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்த பிறகு, புது பெல்ட் ஏறும்வரை கேமையோ கிராங்க்கையோ யாரும் சுழற்றக் கூடாது. ஸ்டார்ட் செய்யும் சாவியை வண்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஆயில் அளவுக்கம்பியின் குழாயையும் ஆல்டர்னேட்டர் பட்டையையும் எடுத்தால் பம்ப் முழுசாகத் தெரியும். அதைப் பிடித்திருப்பவை சின்ன போல்ட்டுகள், இத்தனை வருஷத் துருவில் ஒட்டியிருக்கும். ஒரே மூச்சில் திருகினால் தலை கையோடு வந்து, கால் உள்ளே நின்றுவிடும். இந்த வேலையில் ஒரு நாளை விழுங்குகிற இடம் இதுதான். சுத்தியலால் போல்ட் தலையில் லேசாகத் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி, மறுபடி ஆயில் விட்டு, அவசரப்படாமல் எடுங்கள். அப்படியும் அசையாத போல்ட் இருந்தால் நிறுத்திவிட்டு, சூடுகாட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுவது மேல்.

பம்ப் வெளியே வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளைகள் ஒத்துப்போக வேண்டும். புல்லி உட்காரும் முகத்தின் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் பெல்ட் கோணலாக ஓடி அடிக்கடி அறும். இறக்கைகளின் ஆழமும் சமமாக இருக்க வேண்டும். பழைய பம்பின் இறக்கை துருவில் அரித்துப் பாதியாகியிருந்தால், அல்லது வெள்ளைக் கட்டியாக உப்புப் படிந்திருந்தால், உங்கள் வண்டியில் இத்தனை காலம் என்ன ஓடியது என்று தெரிந்துவிடும். நம்மூரில் பெரும்பாலான ஆம்னி பம்புகள் சாவது இப்படித்தான். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அதன் உப்பு சீலின் வழவழப்பான முகத்தில் மணலாக உராய்கிறது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் வார்ப்பிரும்பு பிளாக்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது, அந்தத் துருத்தூளும் அதே சீலுக்குத்தான் வருகிறது. பேரிங் மட்டும் சீக்கிரம் போயிருந்தால் ஃபேன் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். ஸ்குரூடிரைவரால் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே புது பம்பும் ஒழுகும். பேக்கிங்கைச் சுத்தமான உலர்ந்த முகத்தில் வைத்தாலே போதும். பேஸ்ட் போட்டே பழகியவர் என்றால் படலம் போல மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். கண்ட இடத்தில் சிலிக்கோனைப் பிதுக்கி வைத்தால், உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டரிலும், தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டிலும் சிக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் ஏறக்குறைய 1 கிலோகிராம்-மீட்டர்தான், அதாவது 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரைப் பிடித்து மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். நீளக் கைப்பிடி இந்த போல்ட்டுக்கு எமன்.

அந்தப் பகுதி திறந்திருக்கும்போதே டென்ஷனர் பேரிங்கைச் சுழற்றிக் காதை வைத்துக் கேளுங்கள், சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். கிராங்க் முன் ஆயில் சீலிலும் கேம் ஆயில் சீலிலும் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம், புது பெல்ட்டை எண்ணெயில் ஊறவிடக் கூடாது. இந்த இரண்டையும் மெக்கானிக் பில்லில் சேர்த்தால் கேள்வி கேட்காமல் கொடுக்கலாம். கசிவே இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

குறிகள் நேராக இருக்கும்போதே புது பெல்ட்டை, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வில்லாமல் ஏற்றி, டென்ஷனர் ஸ்பிரிங்கைத் தன் வேலையைச் செய்யவிட்டு, கிராங்க்கைக் கடிகார முள் திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். அதன் பிறகே டென்ஷனரை இறுக்க வேண்டும். மறுபடி குறிகளைப் பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தால்கூட கழற்றித் திரும்ப மாட்டுங்கள். ஒரு பல் வித்தியாசத்திலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது, சூடாகும், பெட்ரோல் குடிக்கும், காரணத்தைத் தேடி நீங்கள் எங்கெங்கோ அலைவீர்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. இறங்குகிற அளவு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இந்தச் சந்தர்ப்பத்தில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடு ஏறுகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பம்பும் ரேடியேட்டரும் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டால் எந்த வண்டியும் கொதிப்பதில்லை, அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் தவிர. பழையதை வெந்நீரில் போட்டால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் புதுசு போடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர் நிரப்புவது. இங்கே அலட்சியமாக இருந்தால் மேலே செய்தது எல்லாம் வீண். ஆம்னியில் நீளமான தண்ணீர் வழி, உங்களுக்கு வேப்பரைசர் வேறு, காற்று சிக்கிக்கொள்ள நிறைய இடம். ரேடியேட்டர் வாய் உயரமாக இருக்கும்படி வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் மேட்டில் நிறுத்துங்கள். ரெடிமேட் கூலன்ட் வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டிக் கூலன்ட் என்றால் டப்பாவில் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும், போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அல்ல. மெதுவாக ஊற்றி, இடையிடையே ஹோஸுகளைக் கையால் பிதுக்கி, குமிழி வருவது நின்ற பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மூடி போடாமலே ஐடிலிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ், வரும் ஹோஸ், வேப்பரைசரின் இரண்டு ஹோஸ், நாலும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே காற்று நிற்கிறது. மூடியைப் போட்டு, எலெக்ட்ரிக் ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

இப்போது முதலில் வடித்து அளந்ததையும் உள்ளே போனதையும் ஒப்பிடுங்கள். ஒழுகியதால் ஏற்கெனவே குறைந்திருக்கும், ஆகவே உள்ளே போனது கூடுதலாக இருக்க வேண்டும். வடித்ததைவிடக் குறைவாகப் போயிருந்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள், ரிசர்வ் டப்பாவைக் குறி வரை நிரப்புங்கள். முதல் வாரம் தினமும் காலையில் மட்டத்தைப் பார்த்து, அடியில் அதே அட்டையை விரித்து வையுங்கள். புது பம்பின் சீல் உட்காரும்போது முதல் சில நாள் துளை பக்கம் ஈரக்கசிவாகத் தெரியலாம். அது நிற்காமல் சொட்டாக மாறினால் வாரண்டி பில்லோடு கடைக்குப் போக வேண்டியதுதான். புது ஃபேன் பெல்ட் கொஞ்சம் நீளும், சில நூறு கி.மீ. ஓடிய பிறகு அதன் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.